எக்ஸ்ரேயில் 'ஒண்ணுமில்ல'... ஆனாலும் வலி போகாதது ஏன்? மரக்காணம் உப்பளத்தில் இருந்து ஒரு விளக்கம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரி போகிறவர்கள், மரக்காணத்தைக் கடக்கும்போது சாலையோரம் வெள்ளை வெளேரென உப்புக் குவியல்களைப் பார்த்திருப்பார்கள். விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள இந்தக் கடலோரப் பகுதி, தூத்துக்குடி, வேதாரண்யம் வரிசையில் தமிழ்நாட்டின் முக்கிய உப்பு உற்பத்தி மையங்களில் ஒன்று. பார்க்க அழகாக இருக்கும் அந்தக் குவியல்களுக்குப் பின்னால் குனிந்து வாரிய இடுப்புகளும், கூடை சுமந்த கழுத்துகளும் இருக்கின்றன.

இந்த வேலையில் இடுப்பு, முழங்கால், கழுத்து வலி வருவதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் ஓய்வு எடுத்தும், ஊசி போட்டும், எக்ஸ்ரே பார்த்து "பெருசா ஒண்ணுமில்ல" என்று சொன்ன பிறகும், சிலருக்கு மாதக்கணக்கில் வலி போவதில்லை. "எல்லாம் மனசுதான்" என்று யாராவது சொல்லிவிட்டால், "அப்போ நான் பொய் சொல்றேனா?" என்ற கோபம்தான் மிஞ்சுகிறது. வலிக்கும் மனசுக்கும் உண்மையில் என்ன சம்பந்தம்? பார்க்கலாம்.

உப்பளத்தில் உடம்பு என்ன பாடுபடுகிறது?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, ஜனவரி வாக்கில் வேலை தொடங்கும். மழையில் சேறாகிப் போன பாத்திகளைச் சுத்தம் செய்து, வரப்பு போட்டு, தரை இறுகும் வரை மிதித்துச் சமன் செய்ய வேண்டும். உப்புநீர் பாய்ச்சி, வெயிலில் காய்ந்து உப்பு விளைந்ததும், நீண்ட கைப்பிடி போட்ட பலகையால் இழுத்து வார வேண்டும். ஈர உப்பைக் கூடையில் அள்ளி, தலையில் வைத்து, வரப்பு மேல் நடந்து போய்க் கொட்ட வேண்டும். வெயிலுக்குப் பயந்து விடிவதற்கு முன்பே வேலைக்கு இறங்குவதும் வழக்கம்.

மீண்டும் மழை வந்துவிட்டால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேலை கிடையாது. இந்தக் காலத்துக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு ரூ.5,000 மழைக்கால நிவாரணம் வழங்கும் திட்டத்தை தமிழ்நாடு அரசு கொண்டு வந்திருக்கிறது. மாதக்கணக்கில் கடும் உழைப்பு, அதன்பின் திடீர் நிறுத்தம். இந்த ஏற்ற இறக்கத்துக்கும் வலிக்கும் தொடர்பு இருக்கிறது.

'நாள்பட்ட வலி' என்றால் என்ன?

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் அல்லது திரும்பத் திரும்ப வரும் வலியை மருத்துவர்கள் நாள்பட்ட வலி என்கிறார்கள். காலில் முள் குத்தினால் வலிக்கிறது, முள்ளை எடுத்தால் சரியாகிவிடுகிறது. இது எச்சரிக்கை மணி. நாள்பட்ட வலியில் பல சமயம் காயம் ஆறிய பிறகும் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. ஒருமுறை திருடனைப் பார்த்த வீட்டு நாய், அதன் பிறகு இலை அசைந்தாலும் குரைக்கும் அல்லவா? நரம்பு மண்டலமும் அப்படி உஷாராகிவிடுகிறது. திருடன் இல்லை. ஆனால் நாய் குரைப்பது நிஜம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2020-ல் உலகம் முழுவதும் 61.9 கோடி பேருக்கு இடுப்பு வலி இருந்தது. 2050-ல் இது 84.3 கோடியாகும் என்று கணிக்கப்பட்டுள்ளது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அந்த நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியலில், நாள்பட்ட வலிக்குத் தனி இடமே கொடுக்கப்பட்டிருக்கிறது. அதாவது, வேறு நோய் எதுவும் ஸ்கேனில் தெரியாவிட்டாலும் வலியே ஒரு நோயாக இருக்க முடியும்.

அப்படியென்றால் வலி 'மனப்பிரமை'யா?

இல்லை. சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020-ல் வலிக்கான வரையறையைத் திருத்தியது. வலி என்பது உடல் உணர்வு மட்டுமல்ல, மன உணர்வும் சேர்ந்த அனுபவம் என்கிறது அந்த வரையறை. ஒருவர் 'எனக்கு வலிக்கிறது' என்றால் அதை மதிக்க வேண்டும் என்றும் அதன் விளக்கக் குறிப்பு சொல்கிறது.

1965-ல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரு விஞ்ஞானிகள் 'வாசல் கதவு' கோட்பாட்டை முன்வைத்தார்கள். உடம்பிலிருந்து வரும் வலிச் செய்தி நேராக மூளைக்குப் போய்விடுவதில்லை, தண்டுவடத்தில் ஒரு கதவு மாதிரி அமைப்பு அதைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது, மூளையும் அந்தக் கதவை இயக்குகிறது என்றார்கள்.

உப்பளத்தில் இதற்கு உதாரணம் தேட வேண்டியதே இல்லை. திடீரென கோடை மழை இருட்டிக்கொண்டு வந்தால், வாரி வைத்த உப்பு கரைந்துவிடுமே என்று ஓடி ஓடித் தார்ப்பாய் போடுவார்கள். அந்த நேரத்தில் காலில் உப்புக்கல் கிழித்தது தெரியாது. வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் எரியும். காயம் ஒன்றுதான். கவனம் மாறியதும் வலியின் அளவு மாறிவிட்டது. இதே கதவு எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். பயம், கவலை, தூக்கமின்மை, கடன் நெருக்கடி ஆகியவை இருக்கும்போது வலி கூடும்.

'தேய்மானம்' என்ற வார்த்தை செய்யும் வேலை

ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'டிஸ்க் தேய்மானம்' என்று பார்த்ததும் பலருக்குப் பாதி உயிர் போய்விடுகிறது. "முதுகெலும்பு தேஞ்சு போச்சு, இனிமே எதுவும் தூக்கக் கூடாது" என்று வீடே முடிவு செய்துவிடும். ஆனால் முதுகு வலியே இல்லாத 3,000-க்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-ல் வெளியான ஆய்வைப் பாருங்கள். 20 வயதினரில் 37% பேருக்கும், 80 வயதினரில் 96% பேருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்தது. அவர்கள் யாருக்கும் வலி இல்லை. தலை நரைப்பது மாதிரி, வயதோடு வரும் மாற்றமாகவும் அது இருக்கலாம். ரிப்போர்ட்டை மருத்துவரிடம் கேட்டுப் புரிந்துகொள்வது முக்கியம். வார்த்தையைப் பார்த்துப் பயந்துவிட்டால், அந்தப் பயமே அடுத்த பிரச்சினைக்கு வழி போடும்.

இரண்டு வழிகள், இரண்டுமே சிக்கல்

முதல் வழி, பயந்து ஒதுங்குவது. 'குனிந்தால் இடுப்பு போய்விடும்' என்ற பயத்தில் குனிவதை விடுகிறார். பிறகு நடப்பதை, வெளியே போவதை விடுகிறார். தசை பலவீனமாகிறது. சின்ன வேலைக்கே வலிக்கிறது. 'பாத்தியா, நான் சொன்னேன்ல' என்று பயம் உறுதியாகிறது. வருமானம் நின்றதால் கவலையும் சேர்கிறது. உளவியலாளர்கள் இதை 'பயம்-தவிர்ப்பு' சுழல் என்கிறார்கள்.

இரண்டாவது வழி, பல்லைக் கடித்துக்கொண்டு உழைப்பது. "வலிக்குதுன்னு உக்காந்தா அடுப்பு எரியுமா?" என்று கேட்கும் தினக்கூலிக் குடும்பங்களில் இதுதான் அதிகம் நடக்கும். வலி கொஞ்சம் குறைந்த நாளில் இரண்டு நாள் வேலையைச் சேர்த்துச் செய்வார்கள். அடுத்த மூன்று நாள் எழுந்திருக்க முடியாது. இப்படி மாறி மாறி நடக்கும்போது நரம்பு மண்டலம் இன்னும் உஷாராகிறது.

உப்பளத்தின் பருவமே இந்த இரண்டாவது வழியைப் போலத்தான் இருக்கிறது. மழைக்காலத்தில் வேலை நின்று, ஜனவரியில் பாத்தி மிதிக்கும் வேலையோடு ஒரேயடியாகத் தொடங்குகிறது. வலி உள்ளவர்கள் மழை மாதங்களில் தினமும் நடப்பது, உட்கார்ந்து எழுவது என்று உடம்பைப் பழக்கத்தில் வைத்திருந்தால், அந்தத் தொடக்கம் இவ்வளவு கடுமையாக இருக்காது.

மெடிக்கல் ஷாப் மாத்திரை போதுமா?

தினமும் ஒரு வலி மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போவது எளிதாகத் தெரியும். ஆனால் வெயிலில் உடம்பு வற்றிய நிலையில் டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகளைத் தொடர்ந்து எடுத்தால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். தமிழ்நாட்டின் உப்பளத் தொழிலாளர்கள் 352 பேரிடம் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வில், ஏற்கெனவே 7% பேருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. எனவே மருத்துவர் சொல்லாமல் நாள்கணக்கில் மாத்திரை வேண்டாம்.

இடுப்பு பெல்ட்டும் அப்படித்தான். நாள்பட்ட இடுப்பு வலிக்கு பெல்ட், எடை கட்டி இழுக்கும் சிகிச்சை, ஓபியாய்டு வகை மருந்துகள் ஆகியவற்றை வழக்கமாகத் தர வேண்டாம் என்று 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியது. வலியைப் பற்றிப் புரியவைப்பது, உடற்பயிற்சி, 'சிபிடி' எனப்படும் எண்ணம்-நடத்தை சார்ந்த உளவியல் சிகிச்சை போன்றவற்றை அது பரிந்துரைக்கிறது.

ஏற்றுக்கொள்வது தோல்வியா?

'முழுசா சரியானாதான் வாழ்க்கை' என்று காத்திருப்பவர்களைவிட, 'வலி இருக்கும், அதோடு என்னென்ன செய்ய முடியும்?' என்று யோசிப்பவர்கள் மனச்சோர்வில் குறைவாகவே சிக்குகிறார்கள். இதை உளவியலில் 'ஏற்பு' என்கிறார்கள். விதியே என்று கிடப்பது வேறு, இது வேறு. கோயில் திருவிழாவுக்குப் போவது, பேரப்பிள்ளையைப் பள்ளியில் விடுவது என்று தனக்கு முக்கியமானதை வலிக்கு விட்டுக்கொடுக்காமல் இருப்பதுதான் ஏற்பு.

உளவியல் சிகிச்சை மாயாஜாலம் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். 9,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 75 ஆய்வுகளை 2020-ல் கோக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தது. சிபிடி சிகிச்சையால் வலி, முடக்கம், மன வேதனை மூன்றிலும் கிடைத்த பலன் சிறியதுதான். ஆனால் நாள்பட்ட வலியில் சிறிய முன்னேற்றமும் ஒரு நாள் வேலையை, ஒரு இரவுத் தூக்கத்தைத் திருப்பித் தரக்கூடும்.

வீட்டிலேயே என்ன செய்யலாம்?

* அளவு வைத்து வேலை: வலி வந்த பிறகு நிறுத்தாமல், வருவதற்கு முன்பே இடைவெளி விடுவது. 30 நிமிடத்தில் வலி கூடும் என்றால் 20 நிமிடத்தில் நிமிர்ந்து, வேலையை மாற்றிச் செய்வது.
* நல்ல நாளிலும் அதே அளவு: வலி குறைந்த நாளில் சேர்த்துச் செய்யாமல், வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது.
* தூக்கம்: சரியாகத் தூங்காத இரவுக்கு மறுநாள் வலி கூடும். மதுவும் தூக்கத்தைக் கெடுக்கும்.
* குடும்பம்: 'நடிக்கிற' என்பதும், 'நீ எதையும் தொடாதே' என்பதும் இரண்டுமே பாதிக்கும். 'இன்னைக்கு என்ன முடியும்?' என்று கேட்பதே உதவி.

உதவி எங்கே கிடைக்கும்?

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் இயன்முறை சிகிச்சையும் உண்டு. அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். மேல் சிகிச்சைக்கு முண்டியம்பாக்கம் அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் ஆகியவை இருக்கின்றன. வலியால் மனம் உடைந்து போனால், மத்திய அரசின் 'டெலி மானஸ்' இலவச எண் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம்.

இதையெல்லாம் கவனித்தால் தாமதிக்கக் கூடாது: காலில் பலம் குறைவது, சிறுநீர்-மலம் கட்டுப்பாடு இழப்பது, வலியோடு காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, கீழே விழுந்த பிறகு வரும் கடும் வலி. இவற்றுக்கு உடனே மருத்துவமனை செல்ல வேண்டும்.

தொழிலாளி மட்டும் மாறினால் போதுமா?

போதாது. '20 நிமிடத்தில் நிமிர்ந்து நில்' என்று சொல்வது எளிது. வாரிய அளவுக்குத்தான் கூலி என்றால், நிமிரும் ஒவ்வொரு நிமிடமும் அவருக்குப் பண இழப்பு. களத்தில் நிழற்கூரை, குடிநீர், கழிப்பறை, சுமையைக் குறைக்கும் தள்ளுவண்டி, வேலையை மாற்றிக் கொடுக்கும் ஏற்பாடு ஆகியவை இருந்தால்தான் மருத்துவர் சொல்லும் ஆலோசனையை உப்பளத்தில் கடைப்பிடிக்க முடியும். கூலி போய்விடுமோ என்ற கவலையும் வலியைக் கூட்டும் காரணங்களில் ஒன்று என்பதால், இவையும் வலி சிகிச்சையின் பகுதிதான்.