ஆமாத்தூர்க் கலம்பகமும் அறுபது நிமிட ஒலிநாடாவும்

அண்மைக் காலத்தில் கேட்டு மகிழ்ந்த பாடல்களை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளும் வழக்கமும், ஒரே பட்டியலில் கர்நாடக இசை, திரைப்பாடல், கானா, பக்திப்பாடல், மேற்கத்திய இசை என்று பல வகைகளைக் கலந்து கேட்கும் பழக்கமும் கைப்பேசி வந்த பிறகு தோன்றியவை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தின் இசை வரலாற்றைப் பார்ப்பவர்களுக்கு அந்த எண்ணம் சரியன்று என்பது விளங்கும். சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என ஐந்து திசைகளுக்கு இருப்புப்பாதை பிரியும் விழுப்புரம் சந்திப்பும், புதுச்சேரிக்கும் செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கும் நெடுஞ்சாலையிலிருந்து கிளை பிரியும் திண்டிவனமும், சரக்கும் மக்களும் கடந்து செல்வதைப் போலவே பாட்டுகளும் கடந்து செல்லும் ஊர்களாக இருந்துவந்துள்ளன. அவ்வாறு கடந்து சென்ற பாட்டு தன்னைப் பாடியவரின் பெயரையும் பிறந்த ஊரையும் மெட்டையும் உடன்கொண்டே சென்றது என்பதுதான் இந்த வட்டாரம் இன்றைய கேட்பாளருக்குத் தரும் முதன்மையான பாடம்.

வழிகாட்டிய பாணர்

இவ்வகைப் பகிர்வுக்கு இப்பகுதியில் கிடைக்கும் மிகப் பழைய சான்று, பத்துப்பாட்டில் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை ஆகும். இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார் இயற்றிய 269 அடிகள் கொண்ட இப்பாட்டின் தலைவன், ஓய்மானாட்டை ஆண்ட நல்லியக்கோடன். அவனுடைய ஊராகிய கிடங்கில், இன்று திண்டிவனம் நகரத்தின் ஒரு பகுதியாக உள்ளது. ஆற்றுப்படை என்பது, பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞர் ஒருவர், வறுமையோடு எதிரே வரும் மற்றொரு கலைஞருக்கு வள்ளலின் பெயரையும் ஊரையும் செல்லும் வழியையும் சொல்லி அனுப்பும் இலக்கிய வகையாகும். சீறியாழ் எனப்படும் சிறிய யாழை இசைத்த பாணர்கள் சிறுபாணர் எனப்பட்டனர்; எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் ஆகிய ஊர்கள் வழியாகக் கிடங்கிலை அடையும் பாதையை இந்நூல் அவர்களுக்கு விரித்துரைக்கிறது. இசை எங்கே மதிக்கப்படுகிறது, அதைக் கேட்பவர் யார் என்ற செய்தியை ஓர் இசைஞர் இன்னோர் இசைஞரிடம் ஒளிக்காமல் சொல்வதே இப்பாட்டின் உயிர்நாடி.

ஒரே கோயிலில் பல வடிவங்கள்

விழுப்புரத்துக்கு அருகே பம்பை ஆற்றங்கரையில் உள்ள திருவாமாத்தூர், பல இசை வடிவங்கள் ஒரே இடத்தில் தங்கியதற்கு அரிய எடுத்துக்காட்டாகும். திருஞானசம்பந்தர், திருநாவுக்கரசர், சுந்தரர் ஆகிய மூவரும் இத்தலத்தைப் பாடியுள்ளனர். சம்பந்தரின் இங்குள்ள பாடல்கள் சீகாமரம் என்னும் பண்ணில் அமைந்தவை; பண் என்பது இன்றைய இராகத்துக்கு முன்னோடியாகிய தமிழ் இசை அமைப்பு. நாவுக்கரசரோ இங்கே குறுந்தொகை, தாண்டகம் என்னும் இரு பாடல் வகைகளிலும் பாடினார். இவற்றுள் தாண்டகத்தை ஓதுவார்கள் தாளக்கட்டு இல்லாமல், சொல்லின் பொருளுக்கு ஏற்ப நீட்டியும் குறுக்கியும் பாடுவது மரபு. ஆகவே ஒரே இறைவன் முன்னிலையில் தாளத்தோடு ஒழுகும் இசையும் தாளத்திலிருந்து விடுபட்ட இசையும் அடுத்தடுத்து ஒலித்துவந்தன.

இதே தலத்துக்கு இரட்டையர் என்று அழைக்கப்படும் இளஞ்சூரியரும் முதுசூரியரும் இயற்றிய திருவாமாத்தூர்க் கலம்பகம் உண்டு. ஒருவர் பார்வையற்றவர், மற்றவர் நடக்க இயலாதவர் என்றும், பார்வையற்றவர் மற்றவரைத் தோளில் சுமக்க, சுமக்கப்பட்டவர் வழி சொல்ல, இருவரும் ஊர் ஊராகச் சென்று ஆளுக்குப் பாதியாகப் பாடினர் என்றும் மரபுச் செய்தி கூறுகிறது. கலம்பகம் என்பது வெண்பா, கலித்துறை, விருத்தம் எனப் பாவகைகள் மாறி மாறி வர, அம்மானை ஆடும் பெண்கள், குறி சொல்லும் குறத்தி, பெண் தர மறுக்கும் மறவர், கள்ளுண்டு களித்தவர், ஊசலாடுபவர் என்று வெவ்வேறு மனிதர்களின் குரல்களை ஒரே நூலில் கோக்கும் சிற்றிலக்கிய வகையாகும். கோயிலுக்குரிய தோத்திரமும் தெருவுக்குரிய பாட்டும் ஒரே நூலில் இடம்பெறுவதை அக்காலப் புலவர்கள் இழுக்காகக் கருதவில்லை; அவ்வாறு கலப்பதையே ஒரு வடிவமாக வகுத்து இலக்கணமும் எழுதினர்.

அதன்பின் 19ஆம் நூற்றாண்டில் திருவாமாத்தூரில் கௌமார மடத்தை நிறுவி அங்கேயே வாழ்ந்து மறைந்த வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் (1839–1898), அருணகிரிநாதரின் வழியில் எண்ணற்ற வண்ணப் பாடல்களை இயற்றியதோடு, வண்ணத்தியல்பு என்ற இலக்கண நூலையும் எழுதினார். குறில், நெடில், வல்லினம், மெல்லினம் ஆகியவற்றின் அடுக்கால் உண்டாகும் ஓசை ஒழுங்கு சந்தம் எனப்படும். அச்சந்தம் அடி தவறாமல் திரும்பத் திரும்ப வரும்படி அமைக்கும் பாடலே வண்ணம். சந்தத்தை மட்டும் தத்தகாரமாக, அதாவது பொருளற்ற ஓசை அசைகளாக, ஒருவர் சொல்லிக்கொடுத்தால், அதைக் கேட்டவர் அதே அச்சில் புதிய சொற்களை இட்டுப் புதிய பாடல் ஒன்றைக் கட்ட முடியும். மெட்டைத் தனியே பிரித்துக் கைமாற்றும் இந்த நுட்பத்தின் தொடர்ச்சிதான், இசையமைப்பாளர் தரும் மெட்டுக்குக் கவிஞர் சொல் எழுதும் இன்றைய திரையுலக நடைமுறை.

வெண்ணெய்நல்லூரில் பிறந்த பதிகம்

திருமண நாளில் முதியவர் வடிவில் வந்த இறைவன் அடிமை ஓலையைக் காட்டிச் சுந்தரரைத் தடுத்தாட்கொண்டதாகப் பெரியபுராணம் கூறும் வழக்கு நடந்த இடம், விழுப்புரம் மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூர். சுந்தரரின் முதல் பதிகம் அங்கேதான் பிறந்தது. அதன் பண் இந்தளம். ஓதுவார்கள் அதனை இன்று மாயாமாளவகௌளை இராகத்தில் பாடுகின்றனர். கர்நாடக இசை கற்கத் தொடங்கும் குழந்தைக்கு முதலில் சொல்லிக்கொடுக்கப்படும் சுர வரிசைகள் அமைந்திருப்பதும் இந்த இராகத்தில்தான். 1987இல் வெளிவந்த ‘எங்க ஊரு பாட்டுக்காரன்’ படத்தில் மரிக்கொழுந்தின் மணத்தைப் பாடும் பாட்டுக்கு இளையராஜா எடுத்துக்கொண்டதும் இதே இராகம். கோயில், வகுப்பறை, திரையரங்கு ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று அயலானவை என்று நினைப்பவர்கள், இம்மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரே சுரங்களின் உறவைத் தம் செவியாலேயே உணர்வார்கள்.

தேவாரப் பதிகங்களின் இறுதிப் பாடலில் பெரும்பாலும் பாடியவரின் பெயரும் ஊரும் இடம்பெறுவது இங்கே நினைவுகொள்ளத்தக்கது. சம்பந்தர் தம்மைக் காழியூரராகவும், சுந்தரர் தம்மை நாவலூரராகவும் ஆரூரராகவும் பாடலுக்குள்ளேயே பதித்துவைத்தார்கள். ஏடு சிதைந்தாலும் வாய்மொழியாகப் பாட்டு ஊர்விட்டு ஊர் சென்றாலும் ஆக்கியவரின் பெயர் பாட்டைவிட்டுப் பிரியாதபடி செய்த ஏற்பாடு அது.

பகலில் பாரதம், இரவில் கூத்து

செஞ்சியை அடுத்த மேலச்சேரி திரௌபதி அம்மன் கோயில், வட தமிழகத்துத் திரௌபதி வழிபாட்டின் முதலிடமாகப் பல ஊர்களில் போற்றப்படுகிறது. அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டெபைட்டல் 1988இல் வெளியிட்ட நூலில் இக்கோயிலை மையமாக வைத்து இவ்வழிபாட்டை விரிவாக ஆராய்ந்தார். இவ்வட்டாரத்துத் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் பகல் நேரத்தில் பாரதப் பிரசங்கியார் வில்லிபுத்தூராரின் பாரத விருத்தங்களைப் பாடிப் பொருள் சொல்ல, இரவில் அதே கதைப்பகுதி தெருக்கூத்தாக விடியவிடிய நடிக்கப்படுகிறது. பகலில் கேட்பது ஏட்டுத் தமிழின் செவ்விசை. இரவில் கேட்பது ஆர்மோனியம், மிருதங்கம், தாளம், முகவீணை ஆகியவற்றோடு எழும் கூத்திசை. முகவீணை என்பது வீணை வகையைச் சேர்ந்ததன்று. நாகசுரத்தின் குறுவடிவமான ஊதுகருவி. கூத்தின் நடுவே வரும் தாளக்கட்டுள்ள பாட்டு தரு எனப்படும். தாளமின்றி இராகமாக நீட்டிப் பாடுவது விருத்தம். பழைய பெரிய எழுத்துக் கூத்துப் பிரதிகளில் தருவின் தலைப்பில் இராகமும் தாளமும் அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம்.

இத்திருவிழாவில் அர்ச்சுனன் தபசு நடைபெறும் நாளில் இசையின் ஆற்றல் முழுமையாக வெளிப்படும். உயரமான தபசு மரம் நடப்பட்டு, அர்ச்சுனன் வேடம் பூண்ட கூத்தர் ஒவ்வொரு படியிலும் நின்று பாடியபடி மேலே ஏறுகிறார். உச்சியை அடைந்ததும் அவர் எறியும் எலுமிச்சையையும் விபூதியையும் குழந்தை வேண்டும் பெண்கள் மடியேந்திப் பெற்றுக்கொள்கின்றனர். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் அமாவாசை நள்ளிரவில் நடைபெறும் ஊஞ்சல் உற்சவத்தில், பம்பையும் உடுக்கையும் அதிர்ந்த பெருங்கூட்டத்தின் முன்னிலையில் அம்மனுக்குத் தாலாட்டுப் பாடப்படுகிறது. மரத்தாலும் வெண்கலத்தாலும் ஆன இரு முழவுகளை இணைத்துக் கட்டிய பம்பையின் முழக்கமும் தாலாட்டின் மென்மையும் ஒரே வழிபாட்டின் இரு கூறுகளாக அமைந்துள்ளன. 1714இல் போரில் மாண்ட செஞ்சி மன்னன் தேசிங்கைப் பற்றிய கதைப்பாடலோ, அவனுடைய இசுலாமிய நண்பன் மோவுத்துக்காரனின் வீரத்தையும் நட்பையும் அரசனின் புகழுக்கு இணையாகவே பாடுகிறது.

வானொலியும் ஒலிநாடாவும்

வானொலி வந்த பிறகு பகிர்வின் எல்லை விரிந்தது. 1938இல் தொடங்கிய சென்னை வானொலியும், 1957இல் தொடங்கிய விவிதபாரதியும், கடல் கடந்து கேட்ட இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பும் நேயர் விருப்பம் என்ற நிகழ்ச்சியின் வழியே, அஞ்சலட்டையில் பாட்டைக் கேட்டவரின் பெயரையும் ஊரையும் உரக்கப் படித்தன. பாட்டு ஒலிக்கும் முன்னரோ பின்னரோ படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் ஆகிய விவரங்களை அறிவிப்பாளர் முறையாகச் சொன்னார். திரையிசை நுணுக்கங்களைச் சொல்லும் சாதாரண ரசிகர்கள் பலர் அந்த அறிவிப்புகளைக் கேட்டே தேர்ச்சி பெற்றார்கள்.

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய ஒலிநாடா, 1980களில் தமிழகத்துச் சிறுநகரங்களின் கடைத்தெருக்களை நிறைத்தது. அறுபது நிமிட நாடாவில் பக்கத்துக்கு முப்பது நிமிடம், நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும் அந்த நாடாவின் நீளம் ஏறத்தாழ 86 மீட்டர். நான்கரை நிமிடப் பாட்டு என்றால் ஒரு பக்கத்தில் ஆறு பாட்டுகளே அடங்கும் என்பதால், பதிவுக் கடைக்குத் தாளில் பாட்டு வரிசை எழுதிக் கொடுப்பவர் ஒவ்வொரு பாட்டையும் எண்ணிப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. பதிவு முடிந்ததும் அதன் மேல் வேறு எதுவும் பதியாமலிருக்க, பேழையின் முதுகில் உள்ள இரு சிறு பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிடுவார்கள். எல். ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாடல்கள், நாகூர் ஹனிபாவின் இசுலாமியப் பாடல்கள், கே. வீரமணியின் ஐயப்பன் பாடல்கள், தெருக்கூத்துப் பதிவுகள் ஆகியவை ஒரே அலமாரியில் விற்கப்பட்டன. தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக இளையராஜா 1986இல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ என்ற கருவியிசைத் தொகுப்பும் அந்த அலமாரி வழியாகவே மேற்கத்திய செவ்விசையைச் சிற்றூர்க் காதுகளுக்குக் கொண்டுசேர்த்தது. ஆனால் உரிமை பெறாமல் படியெடுத்த நாடாக்களால் கலைஞர்களுக்குச் சேர வேண்டிய பணம் சேரவில்லை என்பதையும் மறைக்க இயலாது.

பெயர் உதிர்ந்த பாட்டுகள்

நாடாவுக்குப் பின் வந்த நினைவக அட்டைக் காலத்தில், கைப்பேசிக் கடைகள் நூற்றுக்கணக்கான பாடல்களை ஒரே தடவையில் ஏற்றித் தந்தன. எம்பி3 கோப்பு ஒவ்வொன்றிலும் பாடகர், இசையமைப்பாளர், ஆண்டு ஆகியவற்றைக் குறிப்பதற்கென்று தனிப் புலங்கள் உள்ளன. ஆயினும் பதிவிறக்கத் தளங்கள் அவற்றில் தம் தளத்தின் பெயரையே நிரப்பிவைத்தன. தேவாரத்தின் கடைசிப் பாட்டிலும் வானொலி அறிவிப்பிலும் காக்கப்பட்ட பெயர் அங்கேதான் உதிர்ந்தது. இன்று கைப்பேசியில் முப்பது நொடித் துணுக்காகப் பகிரப்படும் பாட்டுக்கும் பெரும்பாலும் அதே நிலைதான். பெயரின் இழப்பால் மிகுதியாகப் பாதிக்கப்படுபவர்கள் புகழ்பெற்ற திரைக் கலைஞர்கள் அல்லர். பம்பைக் கலைஞர்கள், கூத்தில் பின்பாட்டுப் பாடுபவர்கள், முகவீணை ஊதுபவர்கள் ஆகியோரே. அடுத்த ஊர்த் திருவிழாவுக்கு அழைப்பு வருவதற்கு அவர்களுக்குப் பெயரும் ஊரும்தான் முதலீடு. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிமைத்தொகையில் பங்கை உறுதிசெய்தபோதிலும், பெயரே பதிவாகாத கலைஞருக்கு எந்தச் சட்டமும் துணைவர இயலாது.

ஆகவே பாட்டைப் பகிரும் ஒவ்வொருவரும், அது எந்த வகையைச் சேர்ந்ததாயினும், பாடியவர், எழுதியவர், இசைத்தவர் பெயர்களையும் ஊரையும் ஒரு வரியில் சேர்த்து எழுத வேண்டும். திருவிழாவில் கூத்தைப் பதிவுசெய்து வெளியிடுபவர்கள், குழுவின் பெயரையும் கலைஞர்களின் பெயர்களையும் அவர்களிடமே கேட்டு, அவர்களின் ஒப்புதலோடு குறிப்பிட வேண்டும். கிடங்கிலுக்கு வழி சொன்ன பாணர், தாம் பெற்ற நன்மையின் முகவரியையும் சேர்த்தே சொன்னார். அந்த ஊரின் வழிவந்தவர்களுக்கு அந்தப் பண்பைக் காக்கும் கடமை உண்டு.