அமெரிக்க வரலாற்று அறிவைச் சோதித்தல்: தமிழ்நாட்டிலிருந்து ஏழு வினாக்கள்

அமெரிக்க வரலாற்று அறிவைச் சோதித்தல் என்பது, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கடந்த காலத்தைப் பற்றி ஒருவருக்கு எவ்வளவு தெரியும், அதில் எவ்வளவு புரிந்திருக்கிறது என்பதை வினாக்கள் மூலம் அறிவதாகும். தமிழ்நாட்டு மாணவர்கள் அமெரிக்கப் புரட்சியை 9ஆம் வகுப்புச் சமூக அறிவியலில் படிக்கின்றனர். போட்டித் தேர்வுகளுக்குப் படிப்போரும், அமெரிக்காவில் குடியேறிய தமிழர்களும் அதே செய்திகளை மீண்டும் சந்திக்கின்றனர். பலரும் ஆண்டுகளையும் பெயர்களையும் மனப்பாடம் செய்கின்றனர். தேர்வு முடிந்ததும் அவை மறந்துபோகின்றன.

அந்த வரலாற்றின் சில முக்கியமான நிகழ்வுகள் செங்கம் கணவாய், திருவண்ணாமலை, கடலூர், சென்னை ஆகிய இடங்களோடு தொடர்புடையவை. இந்தத் தொடர்புகளை அறிந்தவருக்கு ஆண்டுகள் தாமாகவே நினைவில் நிற்கும். அதற்கு உதவும் ஏழு வினாக்களும், விடைகளும், மதிப்பெண் இடும் முறையும் இங்கே தரப்படுகின்றன.

இருவகை வினாக்கள்

வரலாற்று வினாக்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை நினைவை மட்டும் சோதிப்பது. "அமெரிக்கா விடுதலையை அறிவித்த ஆண்டு எது?" என்பதற்கு 1776 என்று விடை சொன்னால் போதும். இரண்டாம் வகை தொடர்பைச் சோதிப்பது. "ஏன் நடந்தது? அதனால் வேறு எங்கே என்ன நடந்தது?" என்று அது கேட்கும்.

முதல் வகைக்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வு. இது நேர்காணலில் வாய்மொழியாக நடத்தப்படுகிறது. 2008 முதல் நடைமுறையில் இருந்த முறையில் வினாப் பட்டியலில் 100 வினாக்கள் இருந்தன; அதிகாரி அவற்றில் 10 வரை கேட்பார்; 6 சரியானால் தேர்ச்சி. 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்போருக்குப் பட்டியல் 128 வினாக்களாகவும், கேட்கப்படுபவை 20 ஆகவும், தேர்ச்சிக்கு வேண்டிய விடைகள் 12 ஆகவும் உயர்த்தப்பட்டன. நிரந்தர வசிப்புரிமையுடன் 20 ஆண்டுகள் வாழ்ந்த 50 வயதினரும், 15 ஆண்டுகள் வாழ்ந்த 55 வயதினரும் ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்குப் பெற்று, மொழிபெயர்ப்பாளர் துணையோடு தம் தாய்மொழியில் விடை சொல்லலாம். பிள்ளைகளோடு அங்கே தங்கிவிட்ட தமிழ்ப் பெற்றோர் தமிழிலேயே அமெரிக்க வரலாற்றைச் சொல்லித் தேர்ச்சி பெற இந்த விதி வழிசெய்கிறது.

கீழே வருபவை இரண்டாம் வகை வினாக்கள்.

வினா 1: பாஸ்டனில் கடலில் கொட்டப்பட்ட தேயிலை யாருடையது? எங்கே விளைந்தது?

1773 டிசம்பர் 16 அன்று பாஸ்டன் துறைமுகத்தில் மூன்று கப்பல்களிலிருந்து 342 தேயிலைப் பெட்டிகள் கடலில் வீசப்பட்டன. அந்தத் தேயிலை கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சொந்தமானது. விளைந்த இடம் சீனா. இந்தியாவில் தேயிலைத் தோட்டங்கள் 19ஆம் நூற்றாண்டில்தான் உருவாயின.

கம்பெனி அப்போது கடும் பணநெருக்கடியில் இருந்தது. வங்காளப் பஞ்சம், இங்கிலாந்தின் கடன் நெருக்கடி, கிடங்குகளில் தேங்கிய தேயிலை எனப் பல காரணங்கள் இருந்தன. ஹைதர் அலியோடு நடந்த முதல் மைசூர்ப் போரின் செலவும் அவற்றுள் ஒன்று. அந்தப் போரில் 1767 செப்டம்பரில் முதலில் செங்கத்திலும் பின்னர் திருவண்ணாமலையிலும் சண்டை நடந்தது. அவ்விரண்டிலும் கம்பெனிப் படை வென்றாலும், 1769இல் ஹைதர் சென்னையின் எல்லை வரை வந்து உடன்படிக்கைக்கு வற்புறுத்தினார். அந்தச் செய்தி லண்டனை எட்டியபோது கம்பெனியின் பங்கு விலை சரிந்தது. நொடித்த கம்பெனியைத் தூக்கி நிறுத்தவே 1773இல் தேயிலைச் சட்டம் கொண்டுவரப்பட்டது. பாஸ்டன் மக்கள் எதிர்த்தது அந்தச் சட்டத்தைத்தான்.

வினா 2: அமெரிக்கா பிரான்சுடன் செய்த உடன்பாடு ஆற்காட்டுப் பகுதியில் போரை மூட்டியது எப்படி?

1778 பிப்ரவரியில் பிரான்ஸ் அமெரிக்கர்களோடு கூட்டணி உடன்பாடு செய்தது. அதனால் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் போர் மூண்டது. கம்பெனிப் படை அதே ஆண்டு அக்டோபரில் பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரியையும், 1779இல் மாஹேயையும் பிடித்தது. மாஹே ஹைதர் அலிக்கு ஆயுதங்கள் வந்திறங்கிய துறைமுகம். மராத்தியர் படையெடுத்தபோது ஒப்பந்தப்படி கம்பெனி உதவவில்லை என்ற பழைய சினமும் அவருக்கு இருந்தது.

1780 ஜூலையில் ஹைதரின் பெரும்படை செங்கம் கணவாய் வழியாகச் சமவெளியில் இறங்கியது. செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கம்பெனியின் படைப்பிரிவு ஒன்று முற்றிலும் தோற்றது. அடுத்து ஆற்காடு வீழ்ந்தது.

இதன் விலையைக் கொடுத்தவர்கள் ஊர்மக்கள். வயல்கள் எரிக்கப்பட்டன, குடிகள் ஊரைவிட்டு ஓடினர், 1781இல் பஞ்சம் வந்தது. பசியோடு சென்னைக்கு வந்தவர்களுக்காக 1782இல் மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி ஊற்றப்பட்டது. பிற்காலத்தில் அங்கே வளர்ந்ததே இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. சென்னையின் முதியவர்கள் அதைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று அழைத்ததன் காரணம் இதுதான்.

வினா 3: அமெரிக்க விடுதலைப் போரால் மூண்ட உலகப் போர் கடைசியாக எங்கே ஓய்ந்தது?

பாடநூல்களில் 1781 அக்டோபர் 19 அன்று யார்க்டவுனில் நடந்த சரணடைவே போரின் முடிவாகக் காணப்படும். அமெரிக்க மண்ணில் நடந்த பெரும் சண்டைகளுக்கு அது பொருந்தும். ஆனால் பிரிட்டனும் பிரான்சும் அதற்குப் பிறகும் போரிட்டன. அந்தப் போரின் கடைசிப் பெரிய மோதல் நடந்த இடம் கடலூர்.

1783 ஜூனில், பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி காத்துநின்ற கடலூரைக் கம்பெனியின் தளபதி ஸ்டூவர்ட் முற்றுகையிட்டார். 13ஆம் தேதி தரையில் கடும் சண்டை நடந்தது. 20ஆம் தேதி கடலில் சஃப்ரேனின் 15 பிரெஞ்சுப் போர்க்கப்பல்களும், ஹியூஸின் 18 பிரிட்டிஷ் போர்க்கப்பல்களும் மோதின. ஐரோப்பாவிலோ ஜனவரி 20 அன்றே முன்னோடிச் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. செய்தி கப்பலில் வந்துசேர ஐந்து மாதங்களுக்கு மேல் ஆயிற்று. ஜூன் இறுதியில் அது எட்டிய பிறகே பீரங்கிகள் ஓய்ந்தன. சமாதானம் ஆன பிறகு, அதை அறியாமலேயே பல நூறு பேர் கடலூரில் மாண்டனர்.

வினா 4: ஹைதர் அலியின் பெயர் தாங்கிய கப்பல் எந்நாட்டினுடையது?

அமெரிக்காவினுடையது. பிரிட்டனை எதிர்த்து நின்ற மைசூர் மன்னரின் புகழ் அமெரிக்கர்களையும் எட்டியிருந்தது. பென்சில்வேனியா மாநிலம் தன் வணிகக் கப்பல்களைக் காக்க 1782இல் ஆயுதம் பூட்டி அனுப்பிய கப்பலின் பெயர் 'ஹைதர் அலி'. ஜோஷுவா பார்னி தலைமையில் அது ஏப்ரல் 8 அன்று டெலவேர் விரிகுடாவில் 'ஜெனரல் மங்க்' என்ற பிரிட்டிஷ் கப்பலைப் பிடித்தது.

வினா 5: யார்க்டவுனில் தோற்ற தளபதி பின்னர் என்ன ஆனார்?

அவர் காரன்வாலிஸ் பிரபு. 1786இல் அவர் இந்தியாவின் தலைமை ஆளுநரானார். மூன்றாம் மைசூர்ப் போரில் தாமே படைநடத்தி, 1791இல் பெங்களூரைப் பிடித்து, 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையைத் திப்பு சுல்தான் மீது திணித்தார். இதே போரின்போதுதான் திப்புவின் படை திருவண்ணாமலையைப் பிடித்தது. உடன்படிக்கையால் பாராமகால் எனப்பட்ட இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதியும், திண்டுக்கல்லும் கம்பெனியின் கைக்கு வந்தன. அமெரிக்காவில் ஒரு பேரரசை இழந்த தளபதியே இங்கே மற்றொன்றை விரிவாக்கினார்.

வினா 6: அமெரிக்க உள்நாட்டுப் போர் தமிழகப் பருத்தி விவசாயிகளை எப்படிப் பாதித்தது?

1861 முதல் 1865 வரை நடந்த போரில், வட மாநிலங்களின் கடற்படை தென் மாநிலத் துறைமுகங்களை அடைத்தது. அடிமைகளின் உழைப்பில் விளைந்த அமெரிக்கப் பருத்தி லங்காஷயர் ஆலைகளுக்குப் போவது நின்றது. ஆலைகள் இந்தியப் பருத்தியைத் தேடின. திருநெல்வேலி, கோயம்புத்தூர் கரிசல் நிலங்களில் பருத்தி விலை உயர்ந்தது. சாகுபடிப் பரப்பும் பெருகியது. போர் முடிந்து அமெரிக்கப் பருத்தி சந்தைக்குத் திரும்பியதும் விலை விழுந்தது. அடிமைமுறையை ஒழித்த போரை, கரிசல் காட்டு உழவர் விலையேற்றமாகவும் விலைச்சரிவாகவும் உணர்ந்தார்.

வினா 7: இந்தியர் அமெரிக்கக் குடியுரிமை பெறவே முடியாமலிருந்த காலம் எது?

1923இல் பகத் சிங் திண்ட் வழக்கில், இந்தியர் 'வெள்ளையர்' அல்லர், எனவே அன்றைய சட்டப்படி குடியுரிமை பெற இயலாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திண்ட் முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணிபுரிந்தவர். ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலரும் அதை இழந்தனர். 1946இல் இயற்றப்பட்ட லூஸ்-செல்லர் சட்டம்தான் அந்தக் கதவைத் திறந்தது. அப்போதும் ஆண்டுக்கு 100 இந்தியர்களுக்கு மட்டுமே குடியேற அனுமதி. 1965ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டுவாரி ஒதுக்கீட்டை நீக்கிய பின்னரே தமிழர்கள் பெருமளவில் அங்கே சென்றனர்.

இயற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1937 முதல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். குடியுரிமை பெற்றது 1953இல். இன்று குடியுரிமைத் தேர்வு கடினமா எளிதா என்று பேசுவோர், அதில் அமரவே உரிமை இல்லாத தலைமுறை ஒன்று இருந்ததை அறிய வேண்டும்.

பரவலான தவறுகள்

வினாடிவினாப் போட்டிகளில் அரை உண்மைகள் எளிதில் பரவுகின்றன. அவற்றுள் மூன்று:

கடலூரில் அமெரிக்க வீரர்கள் போரிட்டதாகச் சிலர் கூறுவர். அங்கே மோதியவை பிரிட்டிஷ், பிரெஞ்சு, மைசூர்ப் படைகள். இரு பக்கமும் இந்தியச் சிப்பாய்கள் இருந்தனர், அமெரிக்கர் இல்லை.

'ஹைதர் அலி' கப்பலை ஹைதர் அனுப்பியதாகக் கூறுவதும் தவறு. அவர் பெயர் மட்டுமே அதில் இருந்தது.

யேல் பல்கலைக்கழகத்தைச் சென்னை ஆளுநர் நிறுவினார் என்பதும் சரியன்று. அது 1701இல் வேறொரு பெயரில் தொடங்கப்பட்டது. 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த எலிஹு யேல் பின்னர் நூல்களையும் சரக்குகளையும் நன்கொடையாக அளித்ததால் 1718இல் அவர் பெயர் சூட்டப்பட்டது. அவர் ஆளுநராக இருந்த காலத்தில் சென்னையிலிருந்து அடிமைகள் கப்பலேற்றப்பட்டனர் என்பதும் அந்த வரலாற்றின் பகுதியே.

மதிப்பெண் இடும் முறை

ஒவ்வொரு வினாவுக்கும் நான்கு மதிப்பெண்: சரியான விடைக்கு 1, காலத்துக்கு 1, காரணத்துக்கு 1, விளைவுக்கு 1. மொத்தம் 28. ஆண்டு ஓரிரண்டு முன்பின் இருந்தாலும் நிகழ்வுகளின் வரிசை சரியாக இருந்தால் காலத்துக்குரிய மதிப்பெண்ணை வழங்கலாம். விடையும் காலமும் மட்டும் சொல்பவர் 14 பெறுவார். அது நினைவாற்றலைக் காட்டும். 14க்கு மேல் பெறுபவை எல்லாம் காரணத்தையும் விளைவையும் அறிந்ததற்காகக் கிடைப்பவை. நூலைப் பார்க்காமல், பிறருக்குச் சொல்வதுபோல் விடையை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது நல்லது. எங்கே தடுமாற்றம் வருகிறதோ, அந்த இடத்தையே மீண்டும் படிக்க வேண்டும்.

மாணவர்கள் தம் பகுதியிலிருந்தே மேலும் வினாக்களை உருவாக்கலாம். சென்னைக் கடற்கரையிலுள்ள விவேகானந்தர் இல்லம் முன்பு 'ஐஸ் ஹவுஸ்' எனப்பட்டது ஏன்? வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கடர் ராணிப்பேட்டையில் பிறந்தது எப்படி? மதுரையில் 'அமெரிக்கன் கல்லூரி' என்ற பெயர் வந்தது ஏன்? இவற்றுக்கு விடை தேடும் மாணவர், பனிக்கட்டி வணிகம், மருத்துவப் பணி, மறைப்பணி என்று அமெரிக்க வரலாற்றின் மூன்று இயல்களைத் தம் ஊரிலிருந்தே படிக்கத் தொடங்கியிருப்பார்.