பிள்ளைகளோடு நட்புக் கயிறு செய்வோம்



மகளிர் தினம், குழு ஆண்டு விழா, கூட்டமைப்பின் பொதுக்குழு என்று எது நடந்தாலும் நம்மோடு பிள்ளைகளும் வந்துவிடுகிறார்கள். நாம் தீர்மானம், வரவு செலவு, கடன் தவணை என்று பேச ஆரம்பித்தால் அரை மணி நேரத்தில் "எப்பம்மா வூட்டுக்குப் போலாம்?" என்று முந்தானையைப் பிடித்து இழுப்பார்கள். அந்த நேரத்துக்கு ஏற்ற ஒரு கைவேலைதான் நட்புக் கயிறு. உல்லன் நூல் இருந்தால் போதும். ஒரு கயிறு 5 நிமிடத்தில் முடிந்துவிடும்.

கையில் கயிறு கட்டுவது நமக்குப் புதிதல்ல. காப்புக் கயிறு, நோன்புக் கயிறு எல்லாம் நம் வீட்டில் உள்ளதுதான். ஆகஸ்டு மாதம் முதல் ஞாயிறு நண்பர்கள் தினம் என்று நம் ஊர்ப் பிள்ளைகளும் கயிறு கட்டிக்கொள்கிறார்கள். ஐக்கிய நாடுகள் சபையும் 2011-ல் ஜூலை 30-ஐ சர்வதேச நட்பு தினமாக அறிவித்தது.

தேவையான பொருட்கள்

ஐந்தாறு கலரில் உல்லன் நூல், கத்தரிக்கோல் ஒன்று (பெரியவர் கையில் மட்டும்), பென்சில்கள். ஒரு கயிறுக்குச் சுமார் 2 மீட்டர் நூல் ஆகும். 40 பிள்ளைகள் வருவார்கள் என்றால் 80 மீட்டர் வேண்டும். நூலை முதல் நாளே வெட்டி வைத்துவிட்டால் கூட்டத்தில் அவசரம் இருக்காது.

முறுக்குக் கயிறு: செய்முறை

1. ஒன்றரை முழ நீளத்தில் மூன்று நூல் எடுத்து, இரண்டு முனையிலும் முடிச்சுப் போடவும். ஒவ்வொரு முனையிலும் ஒரு பென்சிலைக் கட்டவும்.
2. இரண்டு பிள்ளைகள் எதிரெதிரே நின்று ஆளுக்கு ஒரு பென்சிலைப் பிடித்து, நூலைத் தொய்யாமல் வைத்துக்கொள்ளட்டும். இரண்டு பேரும் தன் தன் வலப்பக்கமாகவே முறுக்க வேண்டும். ஒருவர் வலமும் ஒருவர் இடமும் முறுக்கினால் முறுக்கு ஏறாது.
3. நூலைச் சற்று தளர்த்தினால் தானாகச் சுருண்டு குட்டி முடிச்சு விழும். அந்த அளவு முறுக்கு போதும்.
4. மூன்றாவது பிள்ளை நூலின் நடுவைப் பிடிக்க, இரண்டு முனையையும் ஒன்றாகச் சேர்க்கவும். நடுவை மெதுவாக விட்டால் கயிறு தன்னைத் தானே சுற்றிக்கொள்ளும். பிள்ளைகள் கைதட்டிச் சிரிக்கிற இடம் இதுதான்.
5. பென்சில்களை அவிழ்த்து, முனைகளைச் சேர்த்து முடிச்சிடவும். மறுமுனையில் தானாக ஒரு வளையம் இருக்கும். அதில் முடிச்சை நுழைத்துக் கையில் மாட்டலாம்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகள் ஒரு முழ நூல் மூன்றை எடுத்து, சடை பின்னுவது போலப் பின்னிக்கொள்ளலாம். பெண் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தரவே வேண்டியதில்லை. ஆண் பிள்ளைகளுக்கு அவர்களே சொல்லித் தரட்டும்.

கலரில் கவனம் வேண்டும்

காவேரிப்பாக்கம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இதைச் செய்தபோது, "பிடிச்ச கலரை எடுத்துக்கோங்க" என்று கூடையை நடுவில் வைத்துவிட்டோம். சற்று நேரத்தில் பார்த்தால் ஒரு தெருப் பிள்ளைகள் எல்லோர் கையிலும் ஒரே இரண்டு கலர். இன்னொரு தெருப் பிள்ளைகள் கையில் வேறு இரண்டு கலர். ஒரு சிறுமி ஒரு நூலை எடுத்ததும், "அது அவங்க கலர், வச்சுடு" என்றான் அவள் அண்ணன். அவனுக்குப் பத்து வயதுகூட இருக்காது. ஊர்க் கொடிக்கம்பங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. தவறு பிள்ளைகளுடையது அல்ல. யோசிக்காமல் கூடையை வைத்த எங்களுடையது.

இது ஒரு கிராமத்து விஷயம் மட்டும் இல்லை. சில பள்ளிகளில் மாணவர்கள் சாதியைக் காட்டும் கலர் கயிறு கட்டி வருகிறார்கள், அதைத் தடுக்க வேண்டும் என்று 2019-ல் பள்ளிக் கல்வி இயக்குநரே மாவட்ட அதிகாரிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் வகுப்பு மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கலர் கயிறு கட்டிப் பள்ளிக்கு வருவதைத் தடை செய்ய வேண்டும் என்பதும் அதில் ஒரு பரிந்துரை.

அப்படியானால் கயிறே வேண்டாமா? வேண்டும் என்பதுதான் எங்கள் எண்ணம். பல ஊர்களில் ஒரு குழு என்றால் ஒரே தெருப் பெண்களாக இருக்கிறோம். கூட்டமைப்பு விழாவில்தான் எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே ஜமுக்காளத்தில் உட்காருகிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தை நாம் சரியாகப் பயன்படுத்த வேண்டும். இப்போது நாங்கள் செய்வது இதுதான்:

- பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி, மூன்று மூன்று பேராகச் சேர்க்கிறோம். ஒரே தெருப் பிள்ளைகளாக விழுந்தால் மறுபடி குலுக்குகிறோம்.
- ஆளுக்கு ஒரு நூல், கண்ணை மூடி எடுக்க வேண்டும். மூன்று கலரும் ஒரே கயிற்றில் சேரும்.
- மூன்று பேருக்கும் மூன்று கயிறு முறுக்க வேண்டும். தனக்குத் தானே கட்டிக்கொள்ளக் கூடாது. ஒருவருக்கு ஒருவர் கட்டிவிட வேண்டும்.

முறுக்குக் கயிறை ஒரு பிள்ளை தனியாகச் செய்வது கஷ்டம். ஒருத்தி விட்டுவிட்டால் முறுக்கு அவிழ்ந்துவிடும். இதைவிட நல்ல பாடம் எந்தப் பேச்சிலும் இல்லை.

மறக்கக் கூடாதவை

- ஒரு விரல் நுழையும் அளவு தளர்வாகக் கட்டவும். கழுத்தில் கட்ட விடாதீர்கள். மூன்று வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்குக் கயிறு வேண்டாம்.
- ஷூ கம்பெனியில் இருந்து வந்த மெழுகு நூல் கையை அறுக்கும். ஒட்டுகிற சொல்யூஷன் நெடி பிள்ளைகளுக்கு ஆகாது. இரண்டையும் பக்கத்தில் கொண்டு வராதீர்கள்.
- பள்ளிக்குப் போகும்போது கயிறைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். புத்தகத்துக்குள் அடையாளக் கயிறாக வைத்துக்கொள்ளலாம்.
- நன்றாக வருகிறதே என்று ஆர்டர் பிடித்துப் பிள்ளைகளை உட்கார வைத்துவிடாதீர்கள். பீஸ் கணக்கு வேலை நம்மோடு போகட்டும். அவர்களுக்கு இது விளையாட்டாகவே இருக்கட்டும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஊக்குநர்கள் ஆளுக்கு ஒரு கலர் நூல் கொண்டு வாருங்கள். பிள்ளைகள் முறுக்கும்போது நாமும் கொஞ்சம் பார்ப்போம். வீட்டுக்குப் போனதும் "உனக்கு யார் கட்டிவிட்டது?" என்று கேளுங்கள். அடுத்த தெருப் பிள்ளையின் பெயரை நம் பிள்ளை சந்தோஷமாகச் சொன்னால், அந்த விழா நன்றாக நடந்தது என்று அர்த்தம்.