கடிதம் சேர்க்கத் தெரிந்தவர் கோப்பித் தோட்டத்துக்கு வந்தபோது

எங்கள் லயத்துக்கு இலக்கம் கிடையாது. தோட்டத்தின் பெயர், டிவிஷன், பெல்மதுளை. அவ்வளவுதான் முகவரி. கடிதம் தோட்ட ஆபிசுக்குப் போகும். அங்கிருந்து யாராவது நினைவு வைத்து எடுத்துவந்தால் லயத்துக்கு வரும். எனக்கு வந்த ஒரு நேர்முகப் பரீட்சைக் கடிதம், பரீட்சை முடிந்து ஒன்பதாம் நாள்தான் கைக்குக் கிடைத்தது. அந்தக் கோபம் இன்னும் ஆறாததால்தான், அந்தனி ட்ரொலப் என்ற ஆங்கில நாவலாசிரியரைப் பற்றிப் படித்தபோது அவருடைய நாவல்களைவிட அவர் பார்த்த உத்தியோகம் என்னைப் பிடித்துக்கொண்டது.

ட்ரொலப் (1815–1882) 47 நாவல்கள் எழுதியவர். ஆனால் 1867 வரை அவர் பிரித்தானியத் தபால் திணைக்களத்து உத்தியோகத்தர். 1851இல் இங்கிலாந்தின் தென்மேற்குக் கிராமங்களுக்குத் தபால் விநியோகத்தை ஒழுங்குபடுத்தும் வேலை அவரிடம் வந்தது. குதிரையில் ஏறி, நாளுக்குச் சராசரியாக 40 மைல், ஒழுங்கை ஒழுங்கையாகப் போனார். எந்தப் பண்ணைவீட்டுக்குக் கடிதம் எப்படிப் போகிறது, ஏன் பிந்துகிறது என்று வீட்டுவாசலில் நின்றே விசாரித்தார். தபால்காரர் ஒரு நாளில் 16 மைலுக்கு மேல் நடக்கக்கூடாது. அதற்குள் எத்தனை வீட்டைச் சேர்க்கலாம் என்பதுதான் அவர் போட்ட கணக்கு. வீதியோரத் தபால் பெட்டியை 1852இல் ஜேர்சி தீவில் அறிமுகப்படுத்தியவரும் அவரே. 1858இல் எகிப்துக்குப் போய், இந்தியாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போகும் தபாலை அந்நாட்டு ரயிலில் கொண்டுசெல்ல ஒப்பந்தம் பேசினார். காலித் துறைமுகத்துக்கு வந்த சீமைத் தபாலும் அந்த வழியில் வந்ததுதான்.

1875இல் அவுஸ்திரேலியாவில் ஆட்டுப்பண்ணை நடத்திய மகனைப் பார்க்கப் புறப்பட்டவர், வழியில் இலங்கையில் தங்கினார். அப்போதைய ஆளுநர் வில்லியம் கிரகரி அவருடைய பழைய நண்பர். பயணத்தைப் பற்றி லிவர்பூல் மேர்க்குரி பத்திரிகைக்கு 20 கடிதங்கள் எழுதினார். அவை 1941இல் நூலாக வந்தன. இலங்கைக் கடிதங்களில் கோப்பியும் உண்டு, கோப்பிக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்த கூலிகளும் உண்டு.

கூலி விடயத்தில் அவருக்கு ஏற்கெனவே ஓர் அபிப்பிராயம் இருந்தது. மேற்கிந்தியத் தீவுகளைப் பற்றி 1859இல் எழுதிய நூலில், அடிமைமுறை ஒழிந்த கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் ஆட்களை இறக்குவதை ஆதரித்து வாதாடியிருந்தார். கொடூரமான மனிதர் என்று சொல்லமாட்டேன். ஒரு தேவாலய ஊரின் பாதிரிக்கும் கணக்கப்பிள்ளைக்கும் எத்தனை மனக்குழப்பங்கள் இருக்கும் என்று நூற்றுக்கணக்கான பக்கங்கள் எழுதத் தெரிந்தவர். மலையில் எங்கள் ஆட்கள் மட்டும் அவருக்கு 'தொழிலாளர் தேவை' என்ற கணக்குக்குள் அடங்கிவிட்டார்கள்.

அவர் வந்த காலத்தில் ரயில் நாவலப்பிட்டி வரைக்கும் ஓடியது. கூலிகளோ இராமநாதபுரக் கரையில் தோணி ஏறி மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். கோப்பி அறுவடை முடிந்ததும் பலர் ஊர் திரும்பினார்கள். அதனால் அவர்களுக்கு நிலையான முகவரி எதற்கு என்று யாரும் யோசிக்கவில்லை. 1869இல் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்தது, தேயிலை வந்தது. தேயிலைக்கு வருடம் முழுக்க ஆள் வேண்டும், குடும்பங்கள் தங்கின. அப்போதும் லயக் காம்பரா தோட்டத்துச் சொத்து, அதில் இருப்பவர் தோட்டத்து ஆள். கடிதம் துரையின் ஆபிசுக்கு வருவது அந்த ஏற்பாட்டின் ஒரு பகுதி.

எங்கள் பக்கம் அப்போது மேல் மாகாணத்தில் இருந்தது. சப்ரகமுவ 1889இல்தான் தனி மாகாணமானது. இறக்குவானையிலும் பலாங்கொடையிலும் கோப்பி இருந்தது. பிறகு தேயிலையும் இறப்பரும். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, தகப்பன் இங்கே பிறந்ததற்கு, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். காகிதம் வந்து சேர்ந்து தங்குவதற்கு ஒரு வாசல்கூடச் சொந்தமாக இல்லாத மக்களிடம் கேட்ட கேள்வி அது. இதற்கு ட்ரொலப்பைக் குற்றம் சொல்ல முடியாது. இலங்கைத் தபால் அவர் பொறுப்பும் அல்ல. ஆனாலும் ஒரு வீட்டுக்குக் கடிதம் நேராக வருவது எவ்வளவு பெரிய காரியம் என்று அவரளவு தெரிந்தவர்கள் அந்தக் காலத்தில் குறைவு.

இப்போது கையில் போன் இருக்கிறதே என்பார்கள். வங்கிக் கடிதமும் நீதிமன்ற அழைப்பாணையும் எல்லாம் போனில் வந்துவிடுவதில்லை. எங்கள் தோட்டத்து எல்லையை ஒட்டிய கிராமத்தில் தபால்காரர் வீட்டுக்கு வீடு நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அதே தபால்காரர், அதே சைக்கிள், தோட்டத்துச் சந்தி வந்ததும் ஆபிஸ் பக்கம் திரும்பிவிடுகிறது. ஆபிசிலிருந்து எங்கள் லயத்துக்கு இரண்டு மைல்கூட இல்லை.