வாள் எழுந்த குன்று முதல் ஏடு தேடிய மடம் வரை

பிரான்சின் காட்டுப் பாதைகளில் ஒரு மிதிவண்டி வழி

பிரான்சு என்றதும் நம் மனக்கண்முன் நிற்பது பாரிஸ் மாநகரமும் அதன் ஈஃபில் கோபுரமும்தான். காரைக்காலிலிருந்தும் புதுவையிலிருந்தும் அந்நாட்டில் குடியேறிய குடும்பங்கள் பல. அவர்களைக் காணச் செல்லும் உறவினர்களும் பெரும்பாலும் தலைநகரையும் அதன் புறநகர்களையும் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். ஆனால், பாரிசின் தென்கிழக்கே ஓரிரு வேளை இரயில் பயணத்தில் எட்டிவிடக்கூடிய பர்கண்டி நிலப்பகுதியில், நம் வரலாற்றோடு நெருங்கிய தொடர்புடைய இரண்டு சிற்றூர்கள் உள்ளன. ஒன்று வெஸலே, மற்றொன்று குளூனி. ஒன்றில் முஸ்லிம்களுக்கு எதிராக வாள் எழுந்தது. மற்றொன்றின் மடாதிபதி, முஸ்லிம்களின் வேதம் என்ன சொல்கிறது என்று அறிய ஏடு தேடினார். இவ்விரண்டுக்கும் நடுவே விரிந்து கிடப்பது மோர்வான் என்னும் காடு. அக்காட்டின் ஊடே மிதிவண்டியில் செல்லும் வழியைத்தான் இக்கட்டுரையில் காணவிருக்கிறோம்.

சரளைப் பாதைக்கு ஏற்ற வண்டி

பந்தய மிதிவண்டியின் மெல்லிய டயர் சரளைக்கல்லைத் தாங்காது. மலையேற்ற வண்டியோ நெடுந்தூரப் பயணத்திற்குக் கனமானது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதாகத் தோன்றியதே ‘கிராவல் பைக்’ என்னும் சரளைப் பாதை மிதிவண்டி. பந்தய வண்டியைப் போல வளைந்த கைப்பிடியும், ஏறத்தாழ 35 முதல் 50 மில்லிமீட்டர் வரை அகலமுள்ள டயரும், ஈரத்திலும் பிடிக்கும் தட்டு பிரேக்கும் இதன் அடையாளங்கள். டயரில் காற்றைச் சற்றுக் குறைவாக அடைத்தால், கல்லும் வேரும் தரும் அதிர்ச்சியை அதுவே வாங்கிக்கொள்ளும். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் 2006ஆம் ஆண்டு தொடங்கிய நெடுந்தூரப் பந்தயம் இவ்வகை ஓட்டத்திற்குப் புகழ் தேடித் தந்தது. 2022இல் இத்தாலியில் இதற்கென முதல் உலகச் சாம்பியன் போட்டியும் நடைபெற்றது.

பந்தயத்தில் நாட்டமில்லாதவர்க்கும் இவ்வண்டி ஏற்றதே. வெட்டிய மரங்களை ஏற்றிச் செல்லும் லாரிகளுக்காகப் போடப்பட்ட காட்டுச் சாலைகள், கால்வாய்க் கரைகள், கைவிடப்பட்ட இரயில் தடங்கள் ஆகியவை பிரான்சின் நாட்டுப்புறமெங்கும் பின்னிக் கிடக்கின்றன. கார் விரையும் நெடுஞ்சாலையைத் தொடாமலேயே நாள் முழுவதும் செல்ல இவை வழி தருகின்றன.

வெஸலே: குன்றின்மேல் ஒரு முழக்கம்

நானூறு, ஐந்நூறு பேர் மட்டுமே வாழும் சின்னஞ்சிறு ஊர் வெஸலே. குன்றின் உச்சியில், மகதலேனா மரியாளின் பெயரால் அமைந்த பழம்பெரும் தேவாலயம் நிற்கிறது. 1979ஆம் ஆண்டிலேயே உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இடம் இது. ஆண்டின் நீண்ட பகலான ஜூன் 21ஆம் நாளையொட்டி, நண்பகல் நேரத்தில் தென்புறச் சன்னல்கள் வழியே வரும் சூரியஒளி, கூடத்தின் நடுவே வரிசையாக ஒளித்திட்டுகளை இடும். கட்டிடக் கலைஞர்களின் கணித அறிவு வியக்கத்தக்கதே.

இக்குன்றின் சரிவில்தான் 1146ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள், பிரெஞ்சு மன்னர் ஏழாம் லூயியின் முன்னிலையில், துறவி பெர்னார்ட் இரண்டாம் சிலுவைப் போருக்கு அறைகூவல் விடுத்தார். தேவாலயம் கொள்ளாத கூட்டம் என்பதால் வெட்டவெளியில் உரை நிகழ்ந்தது. ஆயிரக்கணக்கானோர் சிலுவைக் குறி அணிந்து புறப்பட்டனர். அப்படை 1148இல் டமாஸ்கஸ் நகரை முற்றுகையிட்டுச் சில நாட்களிலேயே தோற்றுத் திரும்பியது. நடுநிலையோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதே போர்வெறியைக் காரணமாக்கி ரைன் நதிக்கரையில் யூதர்களைக் கொல்லத் தொடங்கியபோது, நேரில் சென்று அதைத் தடுக்கப் பாடுபட்டவரும் இதே பெர்னார்ட்தான்.

மீண்டும் 1190 ஜூலையில் இங்கிலாந்தின் ரிச்சர்டும் பிரான்சின் இரண்டாம் பிலிப்பும் மூன்றாம் சிலுவைப் போருக்காகத் தம் படைகளுடன் கூடியதும் இவ்வூரில்தான். 1187இல் ஜெருசலேமை மீட்டிருந்த சுல்தான் சலாஹுத்தீன் அய்யூபியை எதிர்த்தே அப்படைகள் சென்றன. இரு தரப்பும் களைத்துப் போய் 1192இல் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்படி ஜெருசலேம் முஸ்லிம்களிடமே இருந்தது. கிறித்தவ யாத்திரிகர்கள் ஆயுதமின்றி வந்து செல்லலாம் என்றும் ஆயிற்று.

மோர்வான்: விறகும் தாய்ப்பாலும்

வெஸலேயைவிட்டு இறங்கினால் க்யூர் ஆற்றின் பள்ளத்தாக்கு. அதைத் தொடர்ந்து தெற்கே ஏறினால் மோர்வான் காடு. 1970ஆம் ஆண்டு வட்டார இயற்கைப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இப்பகுதியில் ஏறத்தாழ பாதி நிலம் காடாகும். உயர்ந்த சிகரமே 901 மீட்டர்தான். ஆயினும் ஏற்றமும் இறக்கமும் ஓய்வின்றி மாறி மாறி வருவதால் தொடைகள் நன்றாகவே களைத்துப் போகும்.

பெருமன்னர்களின் வரலாற்றில் இடம்பெறாத ஏழைகளின் வரலாறு இக்காட்டில்தான் உள்ளது. 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பாரிஸ் மாநகரத்தின் அடுப்புகளும் கணப்புகளும் எரிந்தது மோர்வான் விறகால். வெட்டிய கட்டைகளின் முனையில் வணிகர்கள் தத்தம் முத்திரையைச் சம்மட்டியால் பதித்து ஓடைகளில் மிதக்க விடுவார்கள். கிளாமெசி போன்ற ஊர்களில் அவற்றைப் பிடித்துப் பிரித்துத் தெப்பங்களாகக் கட்டி, யோன் ஆற்றின் வழியே பாரிசுக்கு ஓட்டிச் செல்வார்கள். இம்மிதப்புக்கு வேண்டிய நீரைத் தேக்கவே 19ஆம் நூற்றாண்டின் நடுவில் செத்தோன் ஏரியின் அணை கட்டப்பட்டது. இன்று சுற்றுலாப் பயணிகள் உலாவும் அந்த ஏரிக்கரை, அன்று விறகுத் தொழிலாளரின் வியர்வைக்குத் துணைநின்ற அணைக்கரை.

இன்னொரு செய்தி நம் இல்லத்தரசிகளின் நெஞ்சைத் தொடும். 19ஆம் நூற்றாண்டில் மோர்வான் பெண்கள், தாம் பெற்ற பச்சிளங்குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் பாரிஸ் செல்வந்தர் வீடுகளுக்குப் பாலூட்டும் செவிலித்தாயராகச் சென்றனர். அந்த ஊதியத்தில் கட்டிய வீடுகளுக்கு ‘பால் வீடுகள்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. அதேவேளை, பாரிசில் கைவிடப்பட்ட அநாதைக் குழந்தைகள் வளர்ப்பதற்காக இக்கிராமங்களுக்கு அனுப்பப்பட்டனர். அலினி என்ற சிற்றூரில் இவர்களுக்கென ஓர் அருங்காட்சியகமே உள்ளது. பாலூட்டியவளைத் தாயாகவே மதித்து உறவுமுறை வகுத்துத் தந்த மார்க்கத்தைச் சேர்ந்த நமக்கு, தன் குழந்தையின் பங்கை விலைக்குக் கொடுக்க நேர்ந்த அத்தாய்மாரின் துயரம் எளிதில் விளங்கும்.

இக்காட்டுக்கும் இன்று ஒரு சோதனை வந்துள்ளது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1946இல் ஏற்பட்ட அரசு நிதியின் ஊக்கத்தால், ஓக், பீச் மரங்கள் நின்ற இடங்களில் விரைந்து வளரும் டக்ளஸ் முதலிய ஊசியிலை மரங்கள் பெருமளவில் நடப்பட்டன. அவை முற்றியதும் குன்று முழுவதையும் மொட்டையடித்தாற்போல் ஒரே நேரத்தில் வெட்டுகின்றனர். 2018 முதல் தொடர்ந்த கடும் வறட்சியில் ஸ்ப்ரூஸ் மரங்களைப் பட்டை வண்டுகள் தாக்கி ஏராளமாகக் கொன்றன. இதைக் கண்டு மனம் நொந்த ஊர்மக்கள் சிலர், தம் சேமிப்பைக் கூட்டாகப் போட்டுக் காட்டு நிலத்தை விலைக்கு வாங்கிப் பழைய மரங்களைக் காத்து வருகின்றனர். நிழலில் குளிர்ந்து செல்லும் பாதை, ஒரு வளைவில் திடீரெனப் பொட்டலாகி வெயிலில் முடியும்போது, அவர்களது கவலை நமக்கும் புரிகிறது.

ஓத்தனும் கால்வாய்க் கரையும்

காட்டின் தென்கோடியில் 821 மீட்டர் உயரமுள்ள பெவ்ரே மலை. அதன்மேல் இருந்த பிப்ராக்ட் என்னும் கால் இனத்தவரின் நகரத்தில்தான், கி.மு. 52இல் ரோமாபுரியை எதிர்க்க வெர்சிங்கெட்டோரிக்ஸ் தலைவனாக உறுதி செய்யப்பட்டான். அவனை வென்ற ஜூலியஸ் சீசர் அதே நகரில் அவ்வாண்டுக் குளிர்காலத்தைக் கழித்தார். பின்னர் அகஸ்டஸ் பேரரசர் சமவெளியில் ஓத்தன் நகரை நிறுவ, மலைநகரம் பாழடைந்தது. ஓத்தனின் ரோமானிய வாயில்கள் இரண்டின் கீழே இன்றும் நாம் வண்டியோட்டிச் செல்லலாம்.

ஓத்தனிலிருந்து கிழக்கே சென்றால் பழைய நடுவண் கால்வாயின் கரை. பிறகு திராட்சைத் தோட்டங்களுக்கு இடையே ஷிவ்ரி என்னும் ஊர். அங்கிருந்து குளூனி வரை 44 கிலோமீட்டர் தொலைவுக்கு, இரயில் ஓடிய பழைய தடம் 1997இல் மிதிவண்டிப் பாதையாக மாற்றப்பட்டது. பிரான்சில் இவ்வகையில் முதன்முதலாக அமைந்த ‘பசுமை வழி’ இதுவே.

குளூனி: ஏடு தேடிய மடம்

கி.பி. 910இல் நிறுவப்பட்ட குளூனி மடத்தின் தேவாலயம் 187 மீட்டர் நீளமுடையது. ரோமில் புதிய பேதுரு பேராலயம் எழும்வரை கிறித்தவ உலகில் இதைவிடப் பெரியது இல்லை. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் அதைக் கல்லுக்காக விற்று இடித்துவிட்டனர். இன்று எஞ்சியிருப்பது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே.

இம்மடத்தின் தலைவர் பீட்டர், 1142இல் ஸ்பெயின் நாட்டுக்குச் சென்றார். முஸ்லிம்களின் வேதத்தை ஒருமுறைகூடப் படிக்காமல் அவர்களைப் பற்றிப் பேசுகிறோமே என்ற எண்ணம் அவரை உறுத்தியது. ராபர்ட் என்னும் அறிஞரைப் பொருள் கொடுத்து அமர்த்தினார். உடன் முஹம்மது என்ற முஸ்லிம் ஒருவரையும் துணைக்குச் சேர்த்தார். 1143இல் திருக்குர்ஆனின் முதல் இலத்தீன் மொழியாக்கம் நிறைவுற்றது. பீட்டரின் நோக்கம் இஸ்லாத்தை மறுப்பதே. மொழியாக்கத்தில் பிழைகளும் திரிபுகளும் உண்டு. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் ஆயுதத்தால் அல்ல, சொல்லால் அணுக வேண்டும் என்று அவர் எழுதி வைத்தார். பல நூற்றாண்டுகள் ஐரோப்பியர் திருக்குர்ஆனை அறிந்தது பெரும்பாலும் இந்த ஏட்டின் வழியாகவே.

ஏடு நிறைவுற்றது 1143. வெஸலேயில் போர் முழக்கம் எழுந்தது 1146. இடையே மூன்றே ஆண்டுகள்! முழக்கத்தைக் கேட்டவர் ஆயிரமாயிரம். ஏட்டைப் படித்தவர் மிகச் சிலர்.

செல்வோர் கவனத்திற்கு

இவ்வழி முழுவதும் இருநூறு கிலோமீட்டருக்கு மேற்பட்டது. நாளொன்றுக்கு 40 அல்லது 50 கிலோமீட்டர் என வகுத்துக்கொண்டால் ஐந்து நாட்களில் இயலும். மே முதல் செப்டம்பர் வரை ஏற்ற காலம். இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் காடுகளில் வேட்டை நடப்பதால், எச்சரிக்கைப் பலகை கண்ட பாதையில் நுழையலாகாது. மரம் வெட்டும் இடங்களுக்கும் இதுவே விதி. ஞாயிறு, திங்களில் சிற்றூர்க் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். ஹலால் இறைச்சி கிராமங்களில் கிடைப்பது அரிது. ரொட்டி, முட்டை, பழம் ஆகியவற்றைக் கொண்டு சமாளிக்கலாம். நடப்போரைக் கண்டால் வேகத்தைக் குறைத்து முகமன் கூறிச் செல்வது அங்குள்ள பண்பாடு.

அன்று இவ்வட்டாரத்தில் வேந்தர்கள் படை திரட்டினர். விறகுவெட்டிகள் சுமை சுமந்தனர். தாய்மார் கண்ணீரோடு ஊரைவிட்டுச் சென்றனர். இன்று அங்கே மிதிவண்டியில் செல்பவரிடம் எவரும் மதத்தைக் கேட்பதில்லை. தண்ணீர் கேட்டால் தருகின்றனர். ஒருவரையொருவர் அறிய முற்படும் மனத்தோடு செல்பவர்க்கு, காடும் கல்லும் நல்ல ஆசிரியர்கள்.