கிடப்பதும் கிடத்துவதும்

ஆங்கிலத்தில் 'லை', 'லே' என்று இரண்டு வினைகள் உண்டு. எங்கே எதைப் போடுவது என்பதில் ஆங்கிலேயர்களே தடுமாறுவார்கள். 1818-இல் வெளிவந்த 'சைல்டு ஹெரால்டு' காவியத்தின் நான்காம் காண்டத்தில், 'லை' வரவேண்டிய ஓரிடத்தில் கவிஞர் பைரன் 'லே' என்று எழுதினார். பாப் டிலனின் 'லே லேடி லே' என்ற 1969-ஆம் ஆண்டுப் பாட்டின் தலைப்பிலும் இதே மாற்றம்தான்.

தன்வினை, பிறவினை படித்த நமக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். 'லை' என்றால் கிட, படு. 'லே' என்றால் கிடத்து, வை, இடு. நாய் வாசலில் படுத்திருந்தால் 'லை'. கோழி முட்டையிட்டால் 'லே'. தண்டவாளம் போடுவதும் அடிக்கல் நாட்டுவதும் அதுவே. ஐயம் வந்தால் 'எதை?' என்று கேளுங்கள். பதில் கிடைத்தால் 'லே', கிடைக்காவிட்டால் 'லை'.

இந்த ஜோடி தற்செயலாக அமைந்ததல்ல. பழைய ஆங்கிலத்தில் இவை 'லிஜ்ஜன்', 'லெஜ்ஜன்' என்று வழங்கின. ஜெர்மானிய மொழிகளின் மூலமொழியில், வினையோடு ஒரு விகுதியைச் சேர்த்துப் பிறவினை ஆக்கினார்கள். விகுதி தேய்ந்து மறைந்துவிட்டது. அதனால் உண்டான உயிரொலி மாற்றம் மட்டும் தங்கிவிட்டது. உட்காருவதற்கு 'சிட்', உட்கார வைப்பதற்கு 'செட்'. விழுவதற்கு 'ஃபால்', மரத்தை வீழ்த்துவதற்கு 'ஃபெல்' என்று வந்ததும் இப்படித்தான். திருந்து, திருத்து என நாம் மெய்யை மாற்றுகிறோம். அவர்கள் உயிரை மாற்றினார்கள்.

பிறகு ஏன் குழப்பம்? 'லை' என்பதன் இறந்தகாலமும் 'லே' என்பதால்தான். 'நேற்று சாவி மேசைமேல் கிடந்தது' என்பதற்கு 'தி கீ லே ஆன் தி டேபிள்' என்பதே சரி. 'சாவியை மேசைமேல் வைத்தேன்' என்றால் 'ஐ லெய்டு தி கீ ஆன் தி டேபிள்'. ஆகவே 'எதை?' என்று கேட்டபின் 'எப்போது?' என்றும் கேட்க வேண்டும். கிடப்பது: லை, லே, லெய்ன். கிடத்துவது: லே, லெய்டு, லெய்டு. பொய் சொல்வதைக் குறிக்கும் 'லை' தனிச்சொல். அதன் இறந்தகாலம் 'லைடு'.

இந்த வடிவங்களை மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டும். ஆனால் எந்த வரிசையை எடுப்பது என்பதற்குத் தமிழ் இலக்கணமே வழிகாட்டும். ஆங்கில வகுப்பில் கிட, கிடத்து என்ற இரண்டு சொற்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பாடத்தைத் தொடங்கினால், பிள்ளைகள் விதியை உருப்போடாமல் காரணம் தெரிந்தே கற்றுக்கொள்வார்கள்.