தபால் பெட்டியில் உங்கள் பெயர் இருக்கிறதா?

பாரிசுக்கு வந்து சேர்ந்த எம்மவரில் பலர் உண்மையில் வாழ்வது பாரிசில் அல்ல, அதன் வடக்குப் புறநகர்களில்தான். லா கூர்நெவ் அவற்றுள் ஒன்று. உயர்ந்த தொடர்மாடிகளையும், பழுதான லிப்ற்றையும், வாசலில் கூடி நிற்கும் இளைஞர்களையும் கண்டு புதிய குடும்பங்கள் முதலில் அஞ்சுவதுண்டு. எப்படியாவது இங்கிருந்து போய்விட வேண்டும் என்ற எண்ணம் எழுவதும் இயல்பே. ஆனால் இருக்கும் காலம்வரை இவ்வூரை விளங்கிக்கொண்டு வாழ்வது நல்லது.

கொதிகலன்களும் இயந்திரங்களும் செய்த தொழிற்சாலை ஊர் இது. 1960களில் இங்கே ஏறக்குறைய 4000 வீடுகள் கொண்ட மாடித்தொகுதி எழுந்தது. இன்றும் அதன் பெயர் "நாலாயிரம்" என்பதுதான். பாரிசில் வீடில்லாது தவித்தவர்களும் அல்ஜீரியாவை விட்டு வந்தவர்களும் அதில் குடியேறினர். பின்னர் தொழிற்சாலைகள் மூடப்பட்டன, வேலை போயிற்று, கட்டடங்கள் பழுதடைந்தன. டெபுசி 1986இலும், றெனுவார் 2000இலும், றவெல், பிறெசோவ் இரண்டும் 2004இலும், பல்சாக் 2011இலும் தகர்க்கப்பட்டன. எமக்கு முன் வந்தவர்களும் எம்மைப்போல் இடம் தேடி வந்தவர்களே என்பதை மறக்கலாகாது.

ஓர் அறை, பல பெயர்கள்

வாடகை அதிகம், வீடு குறைவு. ஆகவே இரண்டு அறை வீட்டில் இரண்டு குடும்பங்கள் இருப்பதும், உணவகத்தில் இரவு வேலை செய்பவர் எழுந்துபோன கட்டிலில் மற்றவர் படுப்பதும் எமக்குப் புதிதல்ல. நெருக்கடியை ஒருவாறு சமாளித்துவிடலாம். ஆபத்து வேறொன்றில் இருக்கிறது. வாடகையைக் கையில் காசாகக் கொடுக்கிறோம், பற்றுச்சீட்டு இல்லை. தபால் பெட்டியில் வேறொருவர் பெயர்.

பெட்டியில் பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போகும். பதிவுத் தபாலைத் தபாற்கந்தோர் 15 நாட்கள் மட்டுமே வைத்திருக்கும். எடுக்காமல் விட்டால், அது கிடைத்ததாகவே பெரும்பாலும் கணக்கிடப்படும். மேன்முறையீட்டுக் காலமும் ஓடத் தொடங்கிவிடும். வதிவிட அனுமதி மறுப்போ நீதிமன்ற அழைப்போ இப்படித் தவறினால், பல வருட முயற்சி வீணாகும்.

எனவே செய்ய வேண்டியவை சில:

வீட்டுக்காரரிடமோ கட்டடக் காவலரிடமோ கேட்டு, குடும்பப் பெயரைப் பெட்டியில் ஒட்டுங்கள். அதற்கு வழியில்லாதவர்கள் நகரசபையின் சமூக உதவி நிலையத்தில் தபால் முகவரி கேட்கலாம்.

வாடகைப் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். 1989ஆம் ஆண்டுச் சட்டப்படி, வாடகையைச் செலுத்திய குடியிருப்பாளர் கேட்டால் வீட்டுக்காரர் அதை இலவசமாகக் கொடுக்க வேண்டும். வதிவிட அனுமதி புதுப்பிக்கவும், வீட்டு உதவிப்பணம் கேட்கவும் அது தேவைப்படும்.

வதிவிட அனுமதி உள்ளவர்கள் "அஷ்-எல்-எம்" என்னும் சமூக வீட்டுக்கு உடனே விண்ணப்பியுங்கள். காத்திருப்பு பல ஆண்டுகள் நீளும். விண்ணப்பத்தை வருடாவருடம் புதுப்பிக்காவிட்டால் அது நீக்கப்பட்டுவிடும். பட்டியலில் பின்தங்குவோரில் இதை மறந்தவர்கள் பலர்.

வாடகை கட்ட முடியாமல் போனால் ஒளிந்திருக்க வேண்டாம். நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை குடியிருப்பாளரை வெளியேற்ற முடியாது. ஆனால் கடன் தீர்வதில்லை. அந்த மாதங்களிலேயே சமூகப் பணியாளரைச் சந்தியுங்கள்.

அயலும் பிள்ளைகளும்

இவ்வூரில் நல்லதும் உண்டு. செவ்வாய், வெள்ளி, ஞாயிறுகளில் கூடும் கத்-றூத் சந்தையில் மரக்கறி மலிவு. ஊரை ஒட்டியே 400 ஹெக்டேயருக்கு மேற்பட்ட பூங்கா இருக்கிறது. பழைய மெக்கானோ தொழிற்சாலை 2015இல் நூலகமாயிற்று. சிறிய வீட்டில் மேசைக்கு இடமில்லாத பிள்ளைகளுக்கு அங்கே இருந்து படிக்க இடமுண்டு.

பிள்ளைகளைப் பூட்டி வைத்துக் காப்பதைவிட, மேல்மாடி மாலியக் குடும்பத்துக்கும் பக்கத்து அல்ஜீரியப் பாட்டிக்கும் "பொன்சூர்" சொல்லிப் பழகுவது பெரிய காவல். அவசரத்தில் கதவைத் தட்டப்போவது அவர்கள்தான். ஊரிலுள்ள உறவினர் அல்ல.

இன்று மாலை வேலையால் வரும்போது கீழே நின்று பாருங்கள். பெட்டியில் உங்கள் பெயர் இல்லையெனில், நாளைக்கென்று தள்ளிப்போட வேண்டாம்.